வால்வு ரேடியோவில் பழைய கெபாசிட்டர்கள்: எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது

பரணிலிருந்து வால்வு ரேடியோ ஒன்று இறங்கியதும் ஆலோசனை சொல்ல இரண்டு கட்சி வந்துவிடும். அடிப்பக்கம் இருக்கிற கெபாசிட்டர் அத்தனையையும் வெட்டிப் போட்டுவிட்டுப் புதிதாகப் போடு என்பது ஒரு கட்சி. பாடுகிற ரேடியோவை ஏன் நோண்டுகிறாய் என்பது இன்னொன்று. முதல் கட்சியின் கையில் நல்ல மைக்கா கெபாசிட்டர்களும் குப்பைக்குப் போகும், அலைன்மென்ட்டும் (டியூனிங் ஒழுங்கு) கெடும். இரண்டாவது கட்சியின் வீட்டில் என்றைக்காவது அவுட்புட் ட்ரான்ஸ்பார்மர் எரியும்.

நான் போடும் கணக்கு எளிது. இந்தக் கெபாசிட்டர் கெட்டால் கூடவே எது போகும்? சில ரூபாய்ப் பொருள், இன்று தேடினாலும் கிடைக்காத ட்ரான்ஸ்பார்மரையோ வால்வையோ சாகடிக்கும் இடத்தில் இருந்தால், அதைச் சோதிக்கவே வேண்டாம், மாற்றிவிட வேண்டும். கெட்டாலும் சத்தம் குறைவதோடு போகும் இடமென்றால் பொறுமையாக அளந்து பார்க்கலாம்.

கீழே சொல்வதற்கு அடிப்படையாக 1950களின் பிற்பகுதியில் பரவலாக வந்த ஐந்து வால்வு செட்டை எடுத்துக்கொள்கிறேன்: இ.சி.ஹெச். 81, இ.எஃப். 89, இ.பி.சி. 81, ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வாக இ.எல். 84, ஏ.சி.யை டி.சி.யாக்கும் ரெக்டிஃபையராக இ.இசட். 80. உங்களுடையதில் வேறு வால்வுகள் இருந்தாலும் தர்க்கம் ஒன்றுதான், வோல்ட் அளவுகள் மட்டும் மாறும்.

சுவிட்ச் போடுவதற்கு முன்

சேசிஸை, அதாவது பாகங்கள் பொருத்திய உலோகத் தட்டைக் கவிழ்த்து வைத்து முதலில் இனம் பிரியுங்கள். அட்டைக் குழாய்க்குள் இருந்து இரு முனையிலும் மெழுகு அடைத்த கெபாசிட்டர்கள் காகித வகை. நம் ஊர் வெயிலில் மெழுகு உருகி வழிந்த தடம் பெரும்பாலும் தெரியும். பிலிப்ஸ் செட்களில் தார் பூசிய கறுப்புக் குழாய்கள் இருக்கும், அவையும் காகிதமே. அமெரிக்க செட்களில் வண்ண வளையங்களோடு கறுப்பு பிளாஸ்டிக்கில் வார்த்த ஸ்ப்ரேக் கெபாசிட்டர்களைப் பார்த்து நவீனம் என்று நினைக்காதீர்கள், உள்ளே காகிதம்தான். ஜெர்மன் செட்களில் வரும் விமா ட்ராபிடூர் வகையில் மேற்பூச்சு வெடித்து ஈரம் இறங்கியிருக்கும். காகிதம் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், இழுத்தால் மின்சாரம் கசியும். ரேடியோ வேலை செய்யாமல் அலமாரியில் கிடந்தாலும் இது நடக்கும். ஆகவே ‘அதிகம் ஓடாத செட் சார்’ என்று விற்பவர் சொல்வதில் கெபாசிட்டரைப் பொறுத்தவரை ஆறுதல் எதுவும் இல்லை.

கடுகு மஞ்சள் நிறத்தில் முல்லார்டும் பிலிப்ஸும் செய்த பாலியெஸ்டர் கெபாசிட்டர்கள் இன்னும் பிரமாதமாக இருக்கும், அவற்றைத் தொடாதீர்கள். வட்டச் செராமிக், தட்டை மைக்கா, கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் ஸ்டைரோஃப்ளெக்ஸ், இவையும் அப்படியே இருக்கட்டும். கடைசி வகையின் பக்கத்தில் சால்டரிங் அயர்னைக் கொண்டுபோகும்போது கம்பியை மூக்குக் குறடால் பிடித்துக்கொள்ளுங்கள், சூட்டில் சுருங்கிவிடும்.

மூன்று இடத்துக் காகிதக் கெபாசிட்டர்களை முதல் முறை கரண்ட் கொடுப்பதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும். ஒன்று, இ.பி.சி. 81-இன் பிளேட்டிலிருந்து (ஒலி வெளிவரும் முனை) இ.எல். 84-இன் கிரிட்டுக்கு (ஒலி உள்ளே போகும் முனை) போகும் கப்ளிங் கெபாசிட்டர். இரண்டு, அவுட்புட் ட்ரான்ஸ்பார்மரின் பிரைமரிக்கு (வால்வு பக்கத்துச் சுற்று) குறுக்கே, அல்லது அதன் பிளேட் முனையிலிருந்து சேசிஸுக்குப் போகும் டோன் கெபாசிட்டர். மூன்று, மெயின்ஸ் வயரோடு நேரடியாகச் சேர்ந்திருக்கும் எதுவும். மற்றவை அறிகுறியைப் பார்த்துப் பிறகு.

பாதுகாப்பு பற்றி இரண்டு வார்த்தை. இந்த செட்டில் 250, 300 வோல்ட் டி.சி. இருக்கிறது, சுவிட்சை அணைத்த பிறகும், ரெக்டிஃபையருக்குப் பின்னால் டி.சி.யைச் சீராக்கும் ஃபில்டர் கெபாசிட்டரில் அது தங்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றுக்கு இரு பக்கமும் கிளிப் மாட்டி வைத்துக்கொண்டு அதன் வழியே இறக்குங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்கவிடுவது வீரம் அல்ல. மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். யு.சி.ஹெச். 81, யு.எல். 84, யு.ஒய். 85 என்று ‘யு’ வரிசை வால்வுகள் இருந்தால் அது ஏ.சி., டி.சி. இரண்டிலும் ஓடும் செட். அதில் சேசிஸே மெயின்ஸோடு சேர்ந்திருக்கும், பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேசிஸில் 230 வோல்ட். மெயின்ஸிலிருந்து செட்டைப் பிரித்து வைக்கும் ஐசொலேஷன் ட்ரான்ஸ்பார்மர் இல்லாமல் அதைத் திறந்து வேலை செய்யக் கூடாது.

சீரீஸ் லேம்ப் பளிச்சென்று எரிகிறது

முதல் தடவை நேரடியாக 230 வோல்ட் கொடுக்காமல் 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் போட்டுத்தான் கொடுக்க வேண்டும். எல்.இ.டி. பல்பு இதற்கு ஆகாது. எல்லாம் சரியாக இருந்தால், ஹீட்டர்கள் குளிர்ந்திருப்பதால் பல்பு ஒரு கணம் மின்னி மங்கி, பிறகு ரேடியோ சூடாகும்போது சிறிது கூடும்.

போட்ட நிமிடமே முழு வெளிச்சத்தில் எரிந்து மங்காவிட்டால் ரெக்டிஃபையர் வால்வைக் கழற்றிவிட்டு மறுபடி போடுங்கள். அப்போதும் எரிந்தால் கோளாறு மெயின்ஸ் ட்ரான்ஸ்பார்மரிலோ, ஹீட்டர் வயரிங்கிலோ, மெயின்ஸுக்குக் குறுக்கே உள்ள கெபாசிட்டரிலோ இருக்கிறது. மங்கலாக இருந்துவிட்டு அரை நிமிடம் கழித்துப் பிரகாசமானால் விஷயம் வேறு. இ.இசட். 80 சூடாக அவ்வளவு நேரம் எடுக்கும். அது சூடாகி ஹெச்.டி. (வால்வுகளுக்குப் போகும் உயர் வோல்ட் டி.சி.) வரும்போதுதான் இழுக்கிறது என்றால் ஃபில்டர் கெபாசிட்டர் ஷார்ட், அல்லது அதற்கப்பால் ஏதோ ஒன்று சேசிஸோடு ஷார்ட் ஆகியிருக்கிறது. உடனே அணைத்துவிடுங்கள். இந்த நிலையில் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் ரெக்டிஃபையர் வால்வு போகும்.

குரல் கம்மி உடைகிறது, அவுட்புட் வால்வு கொதிக்கிறது

வால்வு ரேடியோவில் அதிகம் பார்க்கும் அறிகுறி இது. முதல் ஐந்து நிமிடம் நன்றாகப் பாடும். அப்புறம் குரல் அடைத்ததுபோல் ஆகும், சத்தத்தைக் கூட்டினால் உடையும். அறையை இருட்டாக்கிப் பார்த்தால் இ.எல். 84-இன் பிளேட் தகடு மங்கிய சிவப்பில் தெரியலாம்.

கப்ளிங் கெபாசிட்டரின் ஒரு பக்கம் நூறு வோல்ட் வாக்கில் இருக்கும், மறுபக்கம் கிரிட். ஒலியை விட்டு டி.சி.யைத் தடுப்பதுதான் அதன் வேலை. கிரிட்டிலிருந்து சேசிஸுக்கு 470 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது என்று வையுங்கள். கெபாசிட்டர் 50 மெகா ஓம் அளவுக்குக் கசிந்தால் கிரிட்டில் ஏறக்குறைய 1 வோல்ட் பாசிட்டிவாக ஏறும். 5 மெகா ஓம் என்றால் கணக்குப்படி 8 வோல்ட்டுக்கு மேல். அந்த வால்வு 250 வோல்ட்டில் ஒழுங்காக ஓடத் தேவையான மொத்த பயாஸே (கிரிட்டில் நிலையாக இருக்க வேண்டிய வோல்ட்) 7 வோல்ட்தான், அதுவும் நெகட்டிவாக. அது கரைந்துபோனால் கரண்ட் ஏறும்; வால்வு, அவுட்புட் ட்ரான்ஸ்பார்மர், ரெக்டிஃபையர், மெயின்ஸ் ட்ரான்ஸ்பார்மர் நான்கும் சேர்ந்து சூடாகும். எந்தக் காகிதக் கெபாசிட்டரையும் இந்த இடத்தில் நான் நம்பமாட்டேன், மீட்டர் நல்லது என்று சொன்னாலும்.

மீட்டரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். மல்டிமீட்டரின் கெபாசிட்டன்ஸ் பகுதி சில வோல்ட்டில்தான் அளக்கும். கசியும் காகிதக் கெபாசிட்டர் அதில் எழுதியிருப்பதைவிட அதிகமாகவே காட்டும். 0.01 மைக்ரோ ஃபாரட் என்று அச்சிட்டிருக்கும், மீட்டர் 0.014 சொல்லும், பார்ப்பவர் ‘பழைய சரக்கு, கெட்டி’ என்று மகிழ்ந்து போவார். ஓம்ஸ் பகுதியும் அப்படியே. கசிவு அந்த நூறு, இருநூறு வோல்ட் ஏறும்போதுதான் வெளியே வரும்.

அதனால் ரேடியோவின் ஹெச்.டி.யையே சோதனைக்குப் பயன்படுத்துங்கள். கெபாசிட்டரின் வோல்ட் குறைந்த பக்கத்துக் கம்பியைக் கழற்றிவிடுங்கள். 10 மெகா ஓம் உள்தடை உள்ள சாதாரண டிஜிட்டல் மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, அந்தத் தொங்கும் முனைக்கும் சேசிஸுக்கும் நடுவே கிளிப் மாட்டுங்கள். பிறகு செட்டைப் போடுங்கள். மறுமுனையில் 200 வோல்ட் இருக்க, மீட்டர் ஆரம்பத்தில் துள்ளி, பிறகு இறங்கி 2 வோல்ட்டில் நின்றால் கசிவுத் தடை ஆயிரம் மெகா ஓம் வாக்கில், பிழைத்தது. 20 வோல்ட்டில் நின்றால் 90 மெகா ஓம்தான். கப்ளிங்குக்கும், கெயினைத் தானே குறைக்கும் ஏ.ஜி.சி.க்கும் (கீழே வரும்) அது ஆகாது.

கெபாசிட்டரா வால்வா என்ற சந்தேகமும் இங்கே வரும். வாயு புகுந்த வால்வும் கிரிட்டைப் பாசிட்டிவாக்கும். கப்ளிங் கெபாசிட்டரின் ஒரு கம்பியைக் கழற்றிவிட்டுக் கிரிட்டை அளந்து பாருங்கள். அப்போதும் அரை வோல்ட், ஒரு வோல்ட் பாசிட்டிவ் இருந்தால் வால்வுதான். வால்வைப் பிடுங்கிப் பார்க்கும் வழியும் உண்டு, ஆனால் ‘யு’ வரிசை செட்டில் ஹீட்டர்கள் தொடரில் இருப்பதால் ஒன்றைப் பிடுங்கினால் எல்லாம் அணையும். ஏ.சி. செட்டிலும் அவுட்புட் வால்வு இல்லாதபோது ஹெச்.டி. எகிறும், பழைய ஃபில்டர் கெபாசிட்டர் அதைத் தாங்குமா என்பது இன்னொரு கவலை.

மாற்றாக 0.01 மைக்ரோ ஃபாரட், 630 வோல்ட் பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் போதும். சென்னை ரிச்சி தெருவிலும் மும்பை லேமிங்டன் ரோட்டிலும் சாதாரணமாகக் கிடைக்கும். இரண்டு முனையிலும் கம்பி உள்ள வகை கிடைக்காவிட்டால் ஒரே பக்கம் கால் உள்ளதை வாங்கி, ஒரு காலுக்கு ஸ்லீவ் போட்டு வளைத்துக்கொள்ளலாம். ‘ஆடியோ கிரேடு’ என்று பத்து மடங்கு விலை சொல்வார்கள். ஐந்து அங்குல ஸ்பீக்கர் உள்ள மீடியம் வேவ் ரேடியோவுக்கு அது எதற்கு?

உம்ம்ம் என்ற இரைச்சல்

வால்யூமை முழுக்கக் குறைத்துப் பாருங்கள். அப்போதும் இரைச்சல் அதே அளவு இருந்தால் ஃபில்டர் கெபாசிட்டரைச் சந்தேகிக்கலாம். வால்யூமோடு சேர்ந்து ஏறி இறங்கினால் கோளாறு அதற்கு முன்னால்: ஷீல்டு வயர் எர்த் விட்டிருக்கும், அல்லது இ.பி.சி. 81-இல் ஹீட்டரும் அது சூடாக்கும் கேதோடும் ஒட்டிக் கசியும். ஸ்டேஷன் பிடித்தால் மட்டும் இரைந்து, ஸ்டேஷன் இல்லாத இடத்தில் அமைதியாக இருந்தால் ரெக்டிஃபையர் பக்கத்துச் சின்னக் கெபாசிட்டரைப் பாருங்கள், யாராவது முன்பே வெட்டி எடுத்திருக்கலாம். இ.இசட். 80 போல முழு அலை ரெக்டிஃபையர் உள்ள செட்டில் ஃபில்டர் இரைச்சல் 100 ஹெர்ட்ஸில் வரும், அரை அலை உள்ள யு.ஒய். 85 செட்டில் 50-இல். காது பழகினால் வித்தியாசம் தெரியும். முழு அலை செட்டில் 50 ஹெர்ட்ஸ் கேட்டால் ஃபில்டரை விட்டுவிட்டு ஹீட்டர் பக்கம் தேடுங்கள்.

மின்பகு கெபாசிட்டர், அதாவது எலெக்ட்ரோலிட்டிக், காகித வகை மாதிரி இல்லை. அலுமினியத் தகட்டின் மேல் உருவாகும் ஆக்சைடு படலம்தான் அதற்குள் காப்பு. வருடக்கணக்கில் வோல்ட் இல்லாமல் கிடந்தால் படலம் மெலியும். மெதுவாக வோல்ட் ஏற்றினால் திரும்ப உருவாகும். அதனால் கீழே பசை வழியாமல், ரப்பர் பிதுங்காமல் இருக்கும் கேனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம். பசை வழிந்திருந்தால் வாய்ப்பு வேண்டாம்.

கேனை சர்க்யூட்டிலிருந்து கழற்றி, 300 வோல்ட் டி.சி. சப்ளையிலிருந்து 47 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக ஏற்றுங்கள். ரெசிஸ்டருக்குக் குறுக்கே மீட்டர். 47 வோல்ட் காட்டினால் 1 மில்லி ஆம்பியர் கசிகிறது என்று பொருள். ஆரம்பத்தில் அதிகம் காட்டிச் சில மணி நேரத்தில் இறங்கிக்கொண்டே வந்தால் நல்ல சகுனம். 1 மில்லி ஆம்பியருக்குக் கீழே வந்து நின்றால் வைத்துக்கொள்ளலாம். 3-இல் மாட்டிக்கொண்டு இறங்க மறுத்தாலோ, தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தாலோ கதை முடிந்தது. தொடும் முன் சப்ளையைத் துண்டித்து கேனின் சார்ஜை இறக்கிவிடுங்கள்.

வேரியாக் (வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் ட்ரான்ஸ்பார்மர்) வைத்து மெதுவாக ஏற்றுகிறேன் என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வால்வு ரெக்டிஃபையருக்கு ஹீட்டரும் அதே வேரியாக்கிலிருந்துதான் வருகிறது. 60, 70 வோல்ட்டில் ஹீட்டரே சூடாகாது, ஹெச்.டி.யும் வராது. ஏதோ ஒரு கட்டத்தில் வால்வு விழித்துக்கொண்டு மொத்தமாகத் தள்ளும். ரெக்டிஃபையரைக் கழற்றி டயோடு போட்டால்தான் அந்த முறைக்கு அர்த்தம் உண்டு.

கசிவு நின்றது என்பதற்காகக் கொள்ளளவும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உள்ளே ஈரம் வற்றிய கேன் கசியாது, வேலையும் செய்யாது. செட் ஓடும்போது முதல் ஃபில்டர் கெபாசிட்டருக்குக் குறுக்கே, டி.சி.யைத் தடுக்கும் வகை மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். 50 மைக்ரோ ஃபாரட், 60 மில்லி ஆம்பியர் இழுக்கும் செட்டுக்கு 4 வோல்ட் வாக்கில் வரும். 12, 15 என்று காட்டினால் மாற்றுங்கள்.

மாற்றும்போது ‘பெரியதாகப் போட்டால் இன்னும் நல்லது’ என்ற ஆசையை அடக்க வேண்டும். இ.இசட். 80-க்குப் பின்னால் முதல் கெபாசிட்டர் 50 மைக்ரோ ஃபாரட்டைத் தாண்டக் கூடாது என்பது வால்வு செய்தவர்களே கொடுத்த எல்லை. 220 போட்டால் ஒவ்வொரு அலை உச்சியிலும் கேதோடு அடி வாங்கும். இரைச்சல் இன்னும் குறைய வேண்டுமானால் இரண்டாவது கெபாசிட்டரைச் சற்றுக் கூட்டுங்கள். வோல்ட் அளவில் மட்டும் தாராளம் காட்டலாம். 250 வோல்ட் செகண்டரியின் உச்சம் 353 வோல்ட், லோடு இல்லாதபோது அதை எட்டும். ஆகவே 450 வோல்ட் வாங்குங்கள். மைக்ரோ ஃபாரட்டில் 8-க்குப் பதில் 10, 16-க்குப் பதில் 22, 32-க்குப் பதில் 33 சரியாகப் போகும்.

பழைய கேனை அழகுக்காக மேலே விட்டுவைத்து, புதியவற்றைக் கீழே மறைத்து வைப்பது நல்ல வழக்கம். ஆனால் பழையதன் இணைப்பை முழுக்கத் துண்டித்திருக்க வேண்டும். செத்த கேனுக்கு இணையாக நல்லதை ஒட்டுவது சோதனைக்கு மட்டும், அதுவும் செட்டை அணைத்து, சார்ஜை இறக்கி, கிளிப் மாட்டிய பிறகு. இன்னொன்று, கேனுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஃபைபர் வாஷர் இருந்தால் கவனியுங்கள். சில செட்களில் கேனின் நெகட்டிவ் சேசிஸில் இல்லை. இடையில் ஒரு ரெசிஸ்டர் இருக்கும், அவுட்புட் வால்வின் பயாஸ் அதிலிருந்துதான் பிறக்கிறது. புதிய கெபாசிட்டரின் நெகட்டிவைப் பழக்கதோஷத்தில் சேசிஸில் பற்றவைத்தால் இரைச்சல் போகாது.

தூரத்து ஸ்டேஷன் சுத்தம், உள்ளூர் ஸ்டேஷன் உடைகிறது

பலமான ஸ்டேஷன் வரும்போது ரேடியோ தானே தன் கெயினைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஏ.ஜி.சி. லைனில் 0.05 அல்லது 0.1 மைக்ரோ ஃபாரட் காகிதக் கெபாசிட்டர் ஒன்று சேசிஸுக்குப் போகும். அந்த லைனுக்கு நெகட்டிவ் வோல்ட் வருவதே ஒரு மெகா ஓம், இரண்டு மெகா ஓம் ரெசிஸ்டர் வழியாகத்தான். கெபாசிட்டர் ஒன்றிரண்டு மெகா ஓம் அளவுக்குக் கசிந்தால் பாதி வோல்ட் அதிலேயே கரைந்துவிடும். உள்ளூர் ஸ்டேஷன் ஐ.எஃப். வால்வை, அதாவது இ.எஃப். 89-ஐ மூழ்கடித்து உடையும், ஸ்டேஷன் பலத்தை வெளிச்சத்தில் காட்டும் மாயக்கண் வால்வு உள்ள செட்டில் கண் சரியாக மூடாது. வோல்ட் குறைந்த இடம் என்பதால் இது எரியாது, புகையாது. ரேடியோ வருடக்கணக்கில் இப்படியே ஓடும், வீட்டில் உள்ளவர்கள் ஸ்பீக்கரைக் குறை சொல்வார்கள். காகிதம் என்றால் மாற்றிவிடுங்கள், 0.05-க்கு 0.047. வோல்ட் அளவு இங்கே பெரிய விஷயமில்லை, 100 வோல்ட் வகை போதும்.

ஷார்ட் வேவ் செத்துவிட்டது, மீடியம் வேவ் முனகுகிறது

இ.சி.ஹெச். 81-இன் ஸ்கிரீன் (கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவே உள்ள முனை) வோல்ட்டை அளந்து பாருங்கள். நூறு வோல்ட் வாக்கில் இருக்க வேண்டியது 30, 40 என்று கிடந்தால், அதற்கு வோல்ட் கொடுக்கும் ரெசிஸ்டரைப் பாருங்கள். நிறம் கருகியிருந்தால் ஸ்கிரீனிலிருந்து சேசிஸுக்குப் போகும் கெபாசிட்டர் கசிகிறது. இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். ரெசிஸ்டரை மட்டும் மாற்றினால் அதுவும் கருகும்.

ஸ்கிரீன் சரியாக இருந்தும் ஷார்ட் வேவ் வரவில்லை என்றால், ஸ்டேஷனைப் பிடிக்க ரேடியோ தானே அலை உண்டாக்கும் ஆஸிலேட்டர் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். மீட்டரின் முனையில் ஒரு 100 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடரில் வைத்து ஆஸிலேட்டர் கிரிட்டைத் தொடுங்கள், இல்லாவிட்டால் மீட்டர் வயரே ஆஸிலேட்டரை நிறுத்திவிடும். மைனஸ் 8, 10 வோல்ட் இருந்தால் ஓடுகிறது. பேண்ட் சுவிட்சைச் சுத்தம் செய்யாமல் கெபாசிட்டர் மேல் பழி போடாதீர்கள், ஷார்ட் வேவ் மட்டும் செத்திருக்கும் செட்களில் குற்றவாளி பெரும்பாலும் அந்தக் கறுத்த சுவிட்ச்தான்.

விசில், ‘டப் டப் டப்’, மெலிந்த குரல்

இவை கெபாசிட்டர் கசிவதால் வருபவை இல்லை, வற்றுவதால் வருபவை. படகு மோட்டார் மாதிரி ‘டப் டப்’ என்று வந்தால் இரண்டாவது ஃபில்டர் கெபாசிட்டர். டயலைத் திருப்பும்போதெல்லாம் விசில் அடித்தால் இ.எஃப். 89-இன் ஸ்கிரீன் கெபாசிட்டர், அல்லது வால்வின் ஷீல்டு கழன்றிருக்கிறது. சத்தம் குறைந்து கனமில்லாமல் வந்தால் இ.எல். 84-இன் கேதோடில் உள்ள 25 அல்லது 50 மைக்ரோ ஃபாரட், 25 வோல்ட் எலெக்ட்ரோலிட்டிக். கடைசியாகச் சொன்னதை மட்டும் யோசிக்காமல் மாற்றுங்கள்; அது ஷார்ட் ஆனால் பயாஸ் போய், கப்ளிங் கசிந்த அதே கதைதான்.

பாடிக்கொண்டிருக்கும்போதே நின்றது, கருகல் வாடை

பிளேட்டிலிருந்து சேசிஸுக்குப் போகும் டோன் கெபாசிட்டர் ஷார்ட் ஆகி, முழு ஹெச்.டி.யும் அவுட்புட் ட்ரான்ஸ்பார்மரின் பிரைமரி வழியாகச் சேசிஸுக்குப் போயிருக்கும். உடனே அணைத்தால் ட்ரான்ஸ்பார்மர் பிழைக்கலாம். சில நூறு ஓம் இருக்க வேண்டிய பிரைமரி ஓபன் காட்டினால் ரீவைண்டிங்தான். இந்தப் பிளேட்டில் சத்தத்தின் உச்சங்களில் ஹெச்.டி.யைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வோல்ட் துள்ளும், ஸ்பீக்கர் வயர் கழன்றிருந்தால் இன்னும் கூட. எனவே இங்கே 630 வோல்ட் வேண்டாம். 1000 வோல்ட்டுக்குக் குறையாத, முடிந்தால் 1600 வோல்ட் ஃபிலிம் வகையைப் போடுங்கள்.

சேசிஸைத் தொட்டால் சுருக்கென்கிறது

மெயின்ஸிலிருந்து சேசிஸுக்கு 0.01 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்று இருக்கும். அது நல்ல நிலையில் இருந்தாலே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் 0.7 மில்லி ஆம்பியர் விடும், விரலுக்குத் தெரியும். கெட்டால் சேசிஸே லைவ். ட்ரான்ஸ்பார்மர் செட்டாக இருந்தால் நான் பெரும்பாலும் அதை எடுத்தே விடுவேன். வைக்க வேண்டுமென்றால் ஒய்2 வகை (மெயின்ஸுக்கும் சேசிஸுக்கும் நடுவே போடவே செய்த பாதுகாப்பு வகை), 0.0022 போதும், மூன்று பின் பிளக்கும் எர்த்தும் சேர்த்து. லைனுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே இருப்பதற்கு எக்ஸ்2 வகை. 630 வோல்ட் டி.சி. என்று எழுதிய சாதாரண ஃபிலிம் கெபாசிட்டர் இந்த இரண்டு இடத்துக்கும் உரியதல்ல. ஏ.சி.டி.சி. செட்டில் ஏரியல் சாக்கெட்டுக்கும் எர்த் சாக்கெட்டுக்கும் தொடரில் இருக்கும் கெபாசிட்டர்கள்தான் உங்களுக்கும் மெயின்ஸுக்கும் நடுவே உள்ள ஒரே தடுப்பு. அவை ஒய் வகையாகவே இருக்க வேண்டும், இதில் பேரம் கிடையாது.

ஸ்டேஷன் நகர்கிறது, டயலில் இடம் மாறிவிட்டது, படபடவென்று பொரிகிறது

இங்கேதான் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். டியூனிங் பக்கத்தில் உள்ள மைக்கா, செராமிக், டயலின் இரு முனையைச் சரிக்கட்டும் பேடர், டிரிம்மர் எல்லாம் ஒன்றுக்கொன்று பார்த்துப் பொருத்தியவை. ஒன்றை மாற்றினாலும் அலைன்மென்ட் முழுதும் மறுபடி செய்ய வேண்டும். மீடியம் வேவின் 600 கிலோஹெர்ட்ஸ் பக்கம் மட்டும் இடம் தவறி, 1400 பக்கம் சரியாக இருந்தால் பேடரைச் சந்தேகிக்கலாம். மாற்றினால் அதே அளவு சில்வர் மைக்கா அல்லது சி.0.ஜி. செராமிக் மட்டுமே. சாதாரண செராமிக் சூட்டுக்கு நகரும்.

பொரியும் சத்தத்துக்கு ஒரு விதிவிலக்கு. பிற்கால அமெரிக்க செட்களின் சிறிய ஐ.எஃப். கேன்களில் அடித்தட்டிலேயே மைக்கா கெபாசிட்டர் இருக்கும். அதன் வெள்ளிப் பூச்சு டி.சி.யின் கீழ் மெல்ல நகர்ந்து மின்னல்போல் பொரியும். ஐரோப்பிய, இந்திய செட்டில் பொரிந்தால் முதலில் வால்வு சாக்கெட்டையும் பழைய கார்பன் ரெசிஸ்டர்களையும் பாருங்கள்.

அறிகுறியே இல்லை, அழகாகப் பாடுகிறது

அப்படியென்றாலும் முன்பே சொன்ன மூன்று இடத்துக் காகிதம் போக வேண்டும். தினமும் கேட்கப் போகிற ரேடியோ என்றால் மீதிக் காகிதங்களையும் மாற்றிவிடுங்கள், அவை ஒவ்வொன்றாக வரிசையில் நிற்கின்றன. உள்பக்கம் யாரும் கைவைக்காத பழைய செட், காட்சிக்கு வைக்கப் போகிறீர்கள் என்றால் பழைய அட்டைக் குழாயைச் சூடுகாட்டி உள்ளே இருப்பதை இழுத்து எடுத்து, புதியதைச் செருகி, மெழுகால் அடைத்துவிடலாம். நேரம் எடுக்கும் வேலை, எல்லா ரேடியோவுக்கும் அது தேவைப்படாது. கரண்டே கொடுக்கப் போவதில்லை என்றால் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு எதையும் மாற்றாமல் விடுங்கள்.

வேலை செய்யும்போது மொத்தமாக வெட்டாதீர்கள். படம் எடுத்துக்கொண்டு ஒன்றைக் கழற்றி ஒன்றைப் போடுங்கள், இரண்டு மூன்று மாற்றியதும் செட்டைப் போட்டுப் பாருங்கள். எட்டு கெபாசிட்டரை ஒரே மூச்சில் மாற்றிய பிறகு ரேடியோ ஊமையானால் எட்டு இடத்தில் தேட வேண்டியிருக்கும். பழைய காகிதக் கெபாசிட்டரில் ஒரு முனையில் இருக்கும் கறுப்பு வளையம் வெளித்தகட்டின் பக்கத்தைக் குறிக்கிறது. அதை நெகட்டிவ் என்று நினைத்து அங்கே எலெக்ட்ரோலிட்டிக்கைத் தேடிப் போக வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் பின்மூடியைப் போட்டு ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். ஆரம்பத்தில் இ.எல். 84-இன் கேதோடு வோல்ட் எவ்வளவு என்று குறித்து வைத்திருங்கள், முடிவில் மறுபடி அளக்க வேண்டும். 7-இல் ஆரம்பித்தது 7-இலேயே இருந்தால் மூடிவிடலாம். 9-க்கு ஏறியிருந்தால் கப்ளிங் கெபாசிட்டர் புதியது என்பதால் அதைக் குறை சொல்ல முடியாது, வேறு வால்வு தேடுங்கள்.